கம்பியில்லாச் சுட்டி ஏன் தடுமாறுகிறது?

எனது இளமைக்காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த வானொலிப் பெட்டிக்கு ஓர் இயல்பு இருந்தது. சன்னலோரத்து மேசைமீது வைத்தால் அது தெளிவாகப் பேசும். இரும்பு அலுமாரியின் பக்கத்தில் வைத்தாலோ கரகரவென்று இரையும். வாசலில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் இயங்கத் தொடங்கினால், செய்தி வாசிப்பவரின் குரல் அவ்விரைச்சலில் மூழ்கிப்போகும். அதற்காக என் தந்தையார் பெட்டியைக் கழற்றிப் பார்த்ததுமில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றதுமில்லை. பெட்டியைச் சற்று நகர்த்தி வைப்பார்; மீண்டும் செவிமடுப்பார். குறை பெட்டியில் இல்லை, அது இருக்கும் இடத்திலே உள்ளது என்பதை ஏட்டுக் கல்வி அதிகம் இல்லாத அவர் அறிந்திருந்தார். பட்டம் பெற்று, பாடசாலை அதிபராகவும் ஆகிவிட்ட நான் அதனை மறந்திருந்தேன். அதனை எனக்கு மீண்டும் கற்பித்தது ஒரு கணினிச் சுட்டி.

மாத்தளையிலிருந்து தம்புள்ளையை நோக்கி ஏ9 நெடுஞ்சாலையில் செல்வோர், அலுவிகாரையைக் கடந்து வாசனைத் திரவியத் தோட்டங்களின் இடையே பலாபத்வல என்னும் ஊரை அடைவர். அப்பகுதியில் நான் பணியாற்றும் அரசாங்கப் பாடசாலையின் அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினி உண்டு. மாணவர் வரவும், தவணைப் பரீட்சைப் புள்ளிகளும், தேர்ச்சி அறிக்கைகளும் அதிலேயே பதியப்படுகின்றன. மேசையில் கம்பிகள் சிக்கிக் கிடப்பதைத் தவிர்க்கலாம் என்று கருதி, கம்பியில்லாச் சுட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தோம்.

ஒரு தவணையின் முடிவில் தேர்ச்சி அறிக்கைகளை வழங்கிய மறுநாள், பத்தாந் தர மாணவி ஒருத்தி கண்கலங்கி என் அறைக்கு வந்தாள். கணிதத்தில் 68 புள்ளிகள் பெற்ற விடைத்தாள் அவள் கையில் இருந்தது. அறிக்கையிலோ 31 என்று இருந்தது. விடைத்தாளைக் காட்டியும் தகப்பனார் அவளை நம்பவில்லை. அரசாங்க முத்திரை பதித்த அறிக்கையையே நம்பினார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். 31 என்பது அடுத்த வரியில் இருந்த மாணவனின் புள்ளி. அது இரண்டு வரிகளிலும் இருந்தது.

புள்ளிகளைப் பதிந்தவர் அண்மையில் பணிக்கு வந்த இளம் பெண் உத்தியோகத்தர். அவரை அழைத்து, ஆசிரியர்கள் சிலர் இருக்கும்போதே கடிந்துகொண்டேன். "சேர், நான் சரியாகத்தான் சொடுக்கினேன். சுட்டிதான் சில நேரம் கேட்பதில்லை" என்றார் அவர். "சுட்டிக்கு என்ன காதா இருக்கிறது, பிள்ளை? கவனந்தான் போதாது" என்றேன் நான். அவர் மேலும் ஒன்றும் பேசவில்லை.

நேயர்களே, சுட்டிக்குக் காது உண்டு என்பதையும், அந்தக் காது எப்போது செவிடாகும் என்பதையும் விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம். விஞ்ஞானம் கற்காத கலைப் பட்டதாரியாகிய நான் இதனைப் பேச முற்படுவது துணிவே. ஆயினும், இதனை அறியாமையால் ஒருவர்மீது வீண்பழி சுமத்தியவன் என்ற முறையில் பேசுவதற்கு எனக்கு ஓரளவு உரிமை உண்டு.

சுட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார் இதனைச் சிந்தித்தவர். அவர் கருத்துக்கு 1964 ஆம் ஆண்டில் மரப்பெட்டி வடிவம் தந்தவர் பில் இங்கிலிஷ். 1968 டிசம்பர் 9 ஆந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். பெட்டியின் பின்னே வால்போலத் தொங்கிய கம்பியே அதற்கு எலி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பெற்றுத் தந்தது. பின்னாளில் அந்த வாலை அறுக்க முயன்றனர். சுவிட்சர்லாந்தில் தோன்றிய லொஜிடெக் நிறுவனம் 1984 இல் செங்கீழ்க் கதிரால் இயங்கும் சுட்டியை வெளியிட்டது. கதிருக்கு நேர்வழி வேண்டும். இடையே ஒரு புத்தகம் இருந்தாலும் அது நின்றுவிடும். ஆகவே 1991 இல் வானொலி அலையால் இயங்கும் சுட்டி வந்தது. கம்பியில்லாத் தந்தி என்று நம் முன்னோர் வியந்து அழைத்த அதே நுட்பம், இவ்வாறு உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்தது.

இன்றைய கம்பியில்லாச் சுட்டி இரண்டு தொழில்களைச் செய்கிறது. முதலாவது, பார்த்தல். அதன் வயிற்றுப்புறத்தில் ஒரு சிறு விளக்கும், ஒளியை உணரும் ஒரு கண்ணும் உள்ளன. அக்கண் மேசையின் மேற்பரப்பை வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடித்து, முன்படத்துக்கும் பின்படத்துக்கும் உள்ள வேறுபாட்டால் தான் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணிக்கிறது. இரண்டாவது, சொல்லுதல். கணித்ததையும், பொத்தான் அழுத்தப்பட்டதையும் அது வானொலி அலையாக அனுப்புகிறது. கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகப்பட்ட நகத்தளவான வாங்கி அதனைப் பெற்றுக் கணினிக்கு உரைக்கிறது. மாணவர்கள் டொங்கிள் என்று கூறுவது இதனையே. வேறு சில சுட்டிகள் தனி வாங்கி இன்றி, கணினியிலுள்ள புளூடூத் உறுப்போடு நேரே பேசும்.

ஆக, சுட்டி தடுமாறினால் வினா மூன்று: அது சரியாகப் பார்க்கவில்லையா? சரியாகச் சொல்லவில்லையா? அல்லது சொன்னதை வாங்கி கேட்கவில்லையா? இவற்றைப் பிரித்தறியாமல் புதிய சுட்டி வாங்குவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதை ஒக்கும். நாங்கள் அதனையே செய்தோம். புதிய பற்றரி இட்டோம், பயனில்லை. வேறொரு சுட்டி வாங்கினோம். அதுவும் சில நாள் நன்றாக இயங்கி, பின்பு ஒரு நாள் முன்னதைப் போலவே தத்தளித்தது. இரண்டு சுட்டிகளும் ஒரே குறையோடு பிறந்திருக்குமா என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

இவ்விடத்தில் அந்த வானொலி அலையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கும் ஒரு மீடிறன் உண்டு. மீடிறன் என்பது வினாடிக்கு எத்தனை அலைகள் என்ற எண்ணிக்கை. நிலையங்கள் ஒன்றன் குரலில் ஒன்று கலவாதிருக்க, அரசாங்கம் அவற்றைப் பங்கிட்டு அனுமதி வழங்குகிறது. ஆயின், எவரும் தனி அனுமதி பெறாமல் சிறு வலுவில் பயன்படுத்தத்தக்க பொதுவெளிகளும் உள்ளன. 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில், கைத்தொழில், விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றுக்கெனச் சில மீடிறன் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2450 மெகாஹேர்ட்ஸைச் சூழ்ந்த பகுதி. உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பு அதில் இயங்கியது. இரைச்சல் மிகுந்த அந்தப் பகுதியைச் செய்தித் தொடர்புக்கும் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று 1985 இல் அமெரிக்கா விதி வகுத்தது. அதன்பின் வைபை, புளூடூத், கம்பியில்லாச் சுட்டி, விசைப்பலகை யாவும் 2400 முதல் 2483.5 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அதே பகுதியில் குடியேறின.

இதனை நம் ஊர்ச் சந்தைக்கு ஒப்பிடலாம். சந்தையில் வாடகையின்றி எவரும் கடை விரிக்கலாம். ஆகையால் எல்லோரும் விரிக்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் சரக்கைக் கூவுகின்றனர். அந்தக் கூச்சலிடையே தாழ்ந்த குரலில் பேசுபவர் நம் சுட்டியார். அவர் குரலின் வலு ஒரு சில மில்லிவாற்று மாத்திரமே. பற்றரி பல மாதம் நீடிக்க வேண்டுமெனில் அவ்வாறுதான் பேச இயலும். வைபைப் பெட்டியின் குரல் அதனைவிடப் பன்மடங்கு உரத்தது.

அவ்வாறாயின் சுட்டிகள் எப்படித்தான் இயங்குகின்றன எனக் கேட்கலாம். இரண்டு உபாயங்கள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு சுட்டிக்கும் ஓர் அடையாள எண் உண்டு; அதற்குரிய வாங்கி அந்த எண்ணோடு வரும் செய்தியை மட்டுமே ஏற்கும். ஒரே அறையில் இருபது சுட்டிகள் இருந்தாலும் அவை தம்முள் குழம்பாமல் இருப்பது இதனால்தான். மற்றொன்று, ஒரே மீடிறனில் நில்லாது தாவுதல். ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜோர்ஜ் அந்தெய்ல் என்ற இசையமைப்பாளரும், பகைவர் குறுக்கிட இயலாதவாறு மீடிறன் மாற்றிப் பேசும் ஒரு முறைக்கு 1942 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். அத்தகைய தாவுதல் புளூடூத் முறையிலும் உண்டு. அதன் மூல வடிவம் 79 தடங்களிடையே வினாடிக்கு 1600 முறை தாவுவது. கூச்சல் மிகுந்த தடங்களை விலக்கித் தாவும் அறிவையும் 2003 இல் வெளிவந்த பதிப்பு அதற்கு அளித்தது. ஆனால் எல்லாத் தடங்களிலும் ஒருசேர இரைச்சல் எழுந்தால், தாவுவதற்கு எங்கே இடம்?

அப்படிப்பட்ட இரைச்சல் ஒன்று அண்மைக் காலத்தில் கணினிக்குள்ளிருந்தே தோன்றியது. 2008 ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. முறையின் மூன்றாம் பதிப்பு வெளியாயிற்று. அதன் வேகம் வினாடிக்கு 500 கோடி இருமக் குறிகள். பெரிய வன்தட்டுகளில் தரவுகளை விரைவில் படியெடுக்க அது பேருதவி புரிந்தது. ஆனால் அத்துணை வேகமாய்த் துடிக்கும் மின்குறிகள் செருகியிலும் கம்பியிலும் கசிந்து வானொலி இரைச்சலாகப் பரவுகின்றன. அந்த இரைச்சல் ஒரே மீடிறனில் நிற்பதன்று, பரந்து விரிவது. சுட்டியும் வாங்கியும் பேசும் பகுதியும் அதற்குள் முழுமையாக அகப்பட்டுக்கொள்கிறது. இன்டெல் நிறுவனத்தார் இதனை அளந்து 2012 ஏப்பிரலில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். மூன்றாம் பதிப்பு வன்தட்டு ஒன்றைச் செருகியதும், அதன் அருகே இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்ததாக அவர்கள் கண்டனர். 20 டெசிபெல் என்பது வலுவில் நூறு மடங்கு. இரைச்சல் சுட்டியின் மீடிறனிலேயே எழுவதால், அதனை வடித்து நீக்கவும் வழியில்லை. செருகியையும் சாதனத்தையும் நன்கு கவசமிடுவதும், வாங்கியைத் தொலைவில் வைப்பதுமே வழி என்பது அவர்கள் கூறிய முடிவு.

இப்போது எங்கள் அலுவலகத்துக்குத் திரும்புவோம். கணினி மேசையின் கீழே, சுவரோரத்தில் இருந்தது. சுட்டியின் வாங்கி அதன் பின்புறத்துத் துளை ஒன்றில் செருகப்பட்டிருந்தது. தரவுகளைக் காப்புப் படி எடுப்பதற்காக வைத்திருந்த வெளி வன்தட்டு, அதற்கு ஒட்டிய துளையில் செருகப்படும். அதனை நாங்கள் தினந்தோறும் செருகுவதில்லை. தவணை முடிவில், புள்ளிகள் பதியும் நாட்களில் மட்டுமே செருகுவோம். ஆகவே பிற நாட்களில் சுட்டி ஒழுங்காக இயங்கும். மிக வேண்டிய நாட்களில் மட்டும் தடுமாறும். இதனை முதலிற் கண்டவள் பதினோராந் தர மாணவி ஒருத்தி. அறிக்கைகளை அடுக்க உதவிக்கு வந்தவள், "அந்தத் தட்டின் விளக்கு எரியும்போதுதானே சேர் இப்படி நடக்கிறது?" என்று கேட்டாள். முறைப்படி வன்தட்டை விடுவித்துக் கழற்றினோம்; சுட்டி சீராக ஓடியது. மீண்டும் செருகினோம், தடுமாறியது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

இளம் உத்தியோகத்தர் கூறியது முற்றிலும் உண்மை. அடுத்த வரியில் அவர் சொடுக்கியபோது அச்சொடுக்கு வாங்கியை அடையவில்லை. ஆகவே 31 என்ற எண் முன்வரியின் 68 மேல் விழுந்தது. அடுத்த வரி வெறுமையாய் இருப்பதைக் கண்டு அங்கேயும் 31 எனப் பதிந்திருக்கிறார். மேல்வரியில் நேர்ந்த கேடு அவர் கண்ணில் படவில்லை. பதிந்ததை மீள ஒப்புநோக்கும் ஒழுங்கு எங்களிடம் இல்லாதது நிருவாகத்தின் குறை. அதாவது என் குறை.

இனி, நேயர்கள் தத்தம் வீட்டிலும் பணிமனையிலும் கைக்கொள்ளத்தக்க ஒழுங்குமுறையைக் கூறுகிறேன். இதில் முதல் விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பற்றரியையும் இடத்தையும் மேசைவிரிப்பையும் ஒருசேர மாற்றினால் சுட்டி குணமாகலாம். ஆனால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. மறுமுறை அக்குறை வரும்போது மீண்டும் இருளில்தான் தடவ வேண்டும்.

முதலில், குறை கணினியிலா சுட்டியிலா என்று காணுங்கள். கம்பியுள்ள பழைய சுட்டி ஒன்றைச் சில நிமிடம் செருகிப் பாருங்கள். அதுவும் தடுமாறினால் கணினியே வேலைப்பளுவால் திணறுகிறது. சுட்டியை நோவதில் பயனில்லை. கம்பியுள்ளது நன்றாக ஓடினால், மேலே செல்லலாம்.

இரண்டாவது, குறையின் இயல்பை நோக்குங்கள். திரையிலுள்ள அம்புக்குறி மட்டும் துள்ளுகிறது, பொத்தான்கள் தவறாமல் இயங்குகின்றன என்றால், ஐயம் பார்க்கும் தொழிலின் மேலது. கண்ணாடி மேசையிலும், மினுமினுப்பான பரப்பிலும் சுட்டியின் கண் அடையாளம் காண இயலாது மயங்கும். ஒரு வெள்ளைத் தாளையோ துணிவிரிப்பையோ கீழே இட்டுப் பாருங்கள். கண்ணின் மேல் படிந்த தூசியையும் மயிரிழையையும் மெல்லிய உலர்துணியால் அகற்றுங்கள். அம்புக்குறியும் பொத்தானும் ஒருசேரத் தவறுமாயின், ஐயம் சொல்லும் தொழிலின் மேலோ கேட்கும் தொழிலின் மேலோ செல்லும்.

மூன்றாவது, பற்றரி. வலுக்குன்றிய பற்றரி சட்டென நிற்பதில்லை; குரலைத் தாழ்த்தி, இடையிடையே நின்று, மீண்டும் பேசும். புதியதை இட்டுச் சோதியுங்கள். இரண்டு பற்றரி கொள்ளும் சுட்டியில் பழையதையும் புதியதையும் கலத்தல் ஆகாது. சாதாரண பற்றரியின் அழுத்தம் 1.5 வோல்ற்று; மீள மின்னேற்றும் நிக்கல் வகையின் அழுத்தம் 1.2 வோல்ற்று. ஆகையால் பின்னதை இடும்போது சில சுட்டிகள் காலத்துக்கு முன்பே பற்றரி குறைந்ததென எச்சரிக்கும். உலோகத் தொடுகைகளில் வெண்பூச்சுப் படிந்திருந்தால் துடைத்தெடுங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் பற்றரியைக் கழற்றி வைப்பது நன்று.

நான்காவது, வாங்கியின் இடம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மேசைக் கணினியின் பெட்டி உலோகத்தால் ஆனது. அதன் பின்புறத்தில் செருகிய வாங்கிக்கும் மேசைமேலுள்ள சுட்டிக்கும் இடையே ஓர் இரும்புச் சுவர் நிற்கிறது. சுட்டியின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். அத்தகைய சிற்றலை உலோகத் தகட்டை ஊடுருவாது. வாங்கியை முன்புறத் துளைக்கு மாற்றுங்கள். அதனினும் சிறந்தது, யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்றின் நுனியில் வாங்கியைச் செருகி, மேசைமேல் சுட்டியின் அருகே வைப்பது. திறந்த வெளியில் தூரம் பாதியானால், வாங்கியை அடையும் வலு நான்கு மடங்காகும். சிறு செலவில் கிடைக்கும் அந்தக் கம்பி, பல சுட்டிகளைக் குப்பைக்குச் செல்லாமல் காக்கும்.

ஐந்தாவது, அயலவர் யார் என்று பாருங்கள். உட்புறம் நீல நிறமான துளைகள் பெரும்பாலும் மூன்றாம் பதிப்பைச் சேர்ந்தவை. வெளி வன்தட்டோ விரைவான பென்டிரைவோ நீலத் துளையில் இருக்கும்போது, வாங்கியைக் கருநிறத் துளை ஒன்றில், இயன்றவரை தொலைவாகச் செருகுங்கள். வைபைப் பெட்டி மேசைமேலேயே இருந்தால் அதனை ஓரிரு மீற்றர் தள்ளி வையுங்கள். 2400 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் வைபைத் தடங்களுள் 1, 6, 11 ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். வைபைப் பெட்டி 5000 மெகாஹேர்ட்ஸ் பகுதியிலும் இயங்க வல்லதாயின், கணினியை அதற்கு மாற்றிவிட்டால் அந்தச் சந்தையில் ஓர் உரத்த குரல் குறையும்.

ஆறாவது, புளூடூத் சுட்டி வைத்திருப்போருக்கு ஒரு சொல். மேசைக் கணினிகள் சிலவற்றில் புளூடூத்துக்கும் வைபைக்கும் உரிய சிறு அலைவாங்கிக் கொம்புகள் பின்புறத்தில் திருகிப் பூட்டப்படல் வேண்டும். அவை பெட்டியோடு வந்த பையிலேயே கிடக்க, கணினி செவிடாய் இருப்பது அரிதன்று. கொம்பு பூட்டியும் குறை தீராவிடில், கணினியின் பட்டியலிலிருந்து சுட்டியை நீக்கிவிட்டு, மீண்டும் புதிதாய் இணைத்துப் பாருங்கள்.

ஏழாவது, கணினியின் சிக்கனம். சிறிது நேரம் கையெடுத்திருந்து மீண்டும் தொடும்போது மட்டும் சுட்டி உறங்கி விழிக்கிறது என்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி அந்த யூ.எஸ்.பி. துளையை அணைத்துவிடுகிறது எனலாம். விண்டோஸ் முறையில் டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியலில் யூ.எஸ்.பி. உறுப்புகளைத் திறந்தால், மின்சிக்கனத்துக்காக இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதிக்கு எதிரே ஓர் அடையாளம் இருக்கும். அதனை நீக்கிவிடலாம்.

இவையனைத்தும் செய்து முடிந்தபின், சுட்டியையும் அதன் வாங்கியையும் வேறொரு கணினியில் பொருத்திப் பாருங்கள். அங்கும் தடுமாறினால் மட்டுமே அது பழுதான சுட்டி என்று கூறும் உரிமை நமக்கு உண்டாகிறது.

பாடசாலைகளுக்கு இன்னும் இரண்டு சொல்வேன். கணினி அறையில் மாணவர்கள் வாங்கிகளைக் கழற்றி மாற்றிச் செருகிவிடுவதுண்டு. அப்போது ஒரு கணினியின் சுட்டி மற்றொன்றின் திரையை இயக்கும். இதனைக் கண்டு பிள்ளைகள் நகைக்க, ஆசிரியர் சுட்டிகள் கெட்டுவிட்டன என்று எழுதிவைப்பார். சுட்டிக்கும் வாங்கிக்கும் ஒரே இலக்கம் இட்டு ஒட்டிவிட்டால் இத்தொல்லை நீங்கும். அடுத்தது, புள்ளிகள் பதிதல், விண்ணப்பங்கள் நிரப்புதல் ஆகிய பிழை பொறாத வேலைகளுக்குக் கம்பியுள்ள சுட்டியே தக்கது. கம்பியில்லாச் சுட்டிகள் சிலவற்றின் வாங்கிகள், அயலார் அனுப்பும் போலிக் குறிகளையும் ஏற்றுவிடுகின்றன என்று 2016 இல் ஆய்வாளர் காட்டியதும் இதற்கு மற்றொரு காரணம். வால் இருப்பது வெட்கம் அன்று.

எங்கள் அலுவலகத்தில் இப்போது நீட்டிப்புக் கம்பி ஒன்றின் நுனியில் வாங்கி மேசைமேல் இருக்கிறது. புள்ளி பதியும் நாட்களில் பழைய கம்பிச் சுட்டி மேசைக்கு வரும். ஒருவர் பதிய, மற்றொருவர் வாசித்து ஒப்புநோக்குவார். கழித்துவிட எண்ணி அலுமாரியில் இட்டிருந்த முதற் சுட்டியும் மீண்டும் வேலை செய்கிறது.

மாணவியின் அறிக்கையைத் திருத்தி, அவள் தகப்பனாரை அழைத்து, தவறு எங்களுடையது என்று கூறி என் கையாலே கொடுத்தேன். அவர் மகளை நோக்கினாரேயன்றி என்னை நோக்கவில்லை. இளம் உத்தியோகத்தரிடமும், முன்பு எவர் முன்னிலையில் கடிந்தேனோ அவர்கள் முன்னிலையிலேயே, என் பிழையை ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லை சேர்" என்றார் அவர். அப்படிச் சொல்வது அவருக்கு எளிதாய் இருந்திராது.

பெட்டி கரகரத்தால் தட்டிப் பார்ப்பது மனித இயல்பு. எதிரில் இருப்பவரைக் கடிவது அதனினும் எளிது. என் தந்தையார் இரண்டையும் செய்யவில்லை. பெட்டியை ஒரு முழம் நகர்த்தி வைத்து, மீண்டும் செவிமடுத்தார். நேயர்களும் சுட்டி தடுமாறும்போது வாங்கியை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். உடனிருப்பவர் "இது கேட்பதில்லை" என்று சொன்னால், அதனையும் செவிமடுத்துப் பாருங்கள்.